தட்டைவிடப் பெரியது, கதவைவிடச் சின்னது

அவளை எல்லோரும் டேப்பு என்றுதான் கூப்பிட்டார்கள். பெரிய துணிக்கடை ஒன்றின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், வாடிக்கையாளர்கள் வாங்கிய உடுப்புகளைப் பிடித்துத் தைப்பதும் பிரித்து விடுவதும் அவள் வேலை. அளவு டேப் கழுத்திலேயே கிடக்கும். பஸ்ஸிலும் கிடக்கும். ஒருமுறை சாவு வீட்டுக்கும் அதோடேயே போய்விட்டாள். "பெட்டிக்கு அளவெடுக்க வந்தியா?" என்று செத்தவரின் தம்பி குத்தலாகக் கேட்டார். அவள் பெட்டியை ஒரு பார்வை பார்த்து, "நீளம் சரியா இருக்கு. தோள்லதான் பிடிக்குது" என்றாள்.

பத்தொன்பது வருடத் தொழில். ஆள் படியிறங்கி வரும்போதே இடுப்பு எத்தனை என்று சொல்லிவிடுவாள். அரை அங்குலம் தவறாது. தவறினால் அந்த ஆள் மூச்சை இழுத்துப் பிடித்திருக்கிறார் என்று அர்த்தம். 'சுமார்', 'கிட்டத்தட்ட', 'ஒரு சாண் இருக்கும்' என்று யாராவது பேசினால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"கொஞ்சம் லூஸ் பண்ணுங்க."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"கொஞ்சம்தாங்க."

"உங்க கொஞ்சமா, என் கொஞ்சமா?"

பக்கத்து மெஷினில் காஜா எடுப்பவர் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார். "ஒரு இன்ச் விட்டுக் குடுத்துடு டேப்பு. நல்லா சாப்பிட்டுட்டு வந்து போட்டுக்கட்டும்."

மேல்மாடிகளில் வாங்குகிறவர்கள் நேரே அடித்தளத்துக்கு இறங்கி வந்து ஆங்கிலத்தில் பேசத் தொடங்கிய பிறகு, நிர்வாகம் வியாழக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் வகுப்பு வைத்தது. டீச்சருக்கு இருபத்தாறு வயது. டேப்புக்கு நாற்பத்தெட்டு. நான்காவது வாரம் பாடம், ஒரு பொருள் எவ்வளவு பெரிது என்று ஆங்கிலத்தில் சொல்வது. வீட்டில் இருக்கும் ஏதாவது ஒன்றை ஆளுக்கு ஒரு வாக்கியத்தில் சொல்லச் சொன்னார் டீச்சர்.

காஜாக்காரர் எழுந்து, தன் ஃப்ரிட்ஜ் தன் மனைவியைவிடப் பெரியது, ஆனால் சத்தம் பாதிதான் என்று ஆங்கிலத்தில் சொன்னார். வகுப்பே சிரித்தது. டேப்பு எழுந்து, தன் மேஜை நூற்றுப் பன்னிரண்டு சென்டிமீட்டருக்கு அறுபது என்றாள்.

"தப்பில்ல. ஆனா பேச்சுல யாரும் இப்படிச் சொல்ல மாட்டாங்க" என்றார் டீச்சர். "நம்பரா சொன்னா மெஷின் பேசற மாதிரி இருக்கும். கேக்கறவங்க கண்ணுக்கு ஒரு பொருள் தெரியணும். கை அளவு, காசு அளவு, அதுல பாதி, இதைப்போல ரெண்டு மடங்கு. அப்பதான் இயல்பா இருக்கும்."

"யார் கை?"

"யார் கையா இருந்தா என்னங்க?"

"என் கை பதினேழு சென்டிமீட்டர். இவர் கை இருபது. மூணு சென்டிமீட்டர் தப்புல ஒரு சட்டையே நாசமாப் போகும்."

ஆனாலும் வீம்புக்குப் படித்தாள். ஒரு தொழிலைக் கற்பதுபோலவே இதையும் கற்றாள். 'அவ்வளவு பெரியது', 'அதைவிடப் பெரிதில்லை', 'அதில் பாதி', 'இரண்டு மடங்கு அகலம்' என்று நோட்டில் ஆங்கிலத்தில் எழுதி, பஸ்ஸில் உதட்டை அசைத்து மனப்பாடம் செய்தாள். இரண்டு மாதத்தில், கோட்டில் கறை என்று வந்து நின்ற ஒரு சீமாட்டியிடம், அது சட்டைப் பித்தானைவிடப் பெரிதில்லை என்று தடங்கலில்லாத ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த அம்மாள் தலையாட்டினாள். டேப்பு அன்று காஜாக்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்தாள்.

அந்த ஆங்கிலம்தான் அவளைக் கவிழ்த்தது.

அவள் வீட்டுக்காரர் கிடங்கில் பளுதூக்கி வண்டி ஓட்டுபவர். சரக்கு மேடையிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. தகடு வைத்துத் திருகாணி போட்டு அனுப்பினார்கள். ஆறு வாரம் கால் ஊன்றக் கூடாது, தரையில் படுக்கக் கூடாது, நான்கு பேர் இல்லாமல் தூக்கக் கூடாது. ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் இரும்புக் கட்டில் வந்தது. தலைமாட்டைக் கைப்பிடியால் சுற்றி உயர்த்தலாம். துண்டு துண்டாகக் கொண்டுவந்து படுக்கையறைக்குள் வைத்துப் பூட்டினார்கள். பூட்டிய பிறகு வாசல் வழியாக வெளியே போகாது. அறை ஒன்பதடிக்கு எட்டடி. ஒரு பக்கம் சுவரோடு கட்டிய அலமாரி.

கட்டில் வந்த பத்தாம் நாள் காலை, அவர் தலைக்கு மேலே கூரையில் பூச்சு உப்பியிருப்பதை அவள் பார்த்தாள். மேல்வீட்டுக் குளியலறைத் தண்ணீர். ஸ்டூல் போட்டு ஏறி அளந்தாள். பதினேழுக்குப் பதினான்கு. கட்டிலைத் தள்ளிப் பார்த்தாள். ஒன்றேகால் அடி நகர்ந்து அலமாரியில் இடித்து நின்றது.

குடியிருப்பு நிர்வாகத்துக்கு ஃபோன் செய்தாள். புகார்கள் பதிவாகும், தலைமை அலுவலகம் கேட்கும், ஆகவே ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும். எடுத்த பெண்ணுக்குத் தமிழ் தெரியும். நடுவில் யாரிடமோ "ஏய், என் தண்ணி பாட்டில எடுக்காத" என்று சொன்னது நன்றாகக் கேட்டது. ஆனாலும் ஆங்கிலம்தான்.

எவ்வளவு பெரியது என்று கேட்டாள் அந்தப் பெண். பதினேழு சென்டிமீட்டருக்குப் பதினான்கு என்றாள் டேப்பு. குடியிருப்பவர்கள் சொல்லும் அளவை எழுதுவதில்லையாம். எல்லோரும் கூட்டிச் சொல்கிறார்களாம். அளவெடுக்க எங்கள் ஆள் வருவார். எதைப்போல இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

டேப்பிடம் பதில் தயாராக இருந்தது. என் கையைவிடப் பெரிதில்லை என்றாள். அழகாக, நிதானமாக, டீச்சர் சொல்வதுபோலவே.

நன்றி, கை, என்றாள் அந்தப் பெண். விசைப்பலகை நான்கு முறை தட்டும் சத்தம் கேட்டது.

"அடேங்கப்பா" என்றார் கட்டிலில் இருந்தவர். "இந்த இங்கிலீஷுக்கே இன்னைக்கு ஓடி வந்துடுவான் பாரு."

யாரும் வரவில்லை. பன்னிரண்டாம் நாள் அது முப்பத்தொன்றுக்கு இருபத்துநான்கு ஆனது. மறுபடி ஃபோன் செய்தாள். இந்தக் கூரைக்கு ஏற்கெனவே ஒரு புகார் திறந்திருக்கிறது, ஒரே இடத்துக்கு இரண்டு புகார் எடுப்பதில்லை, இரண்டாவது தானாக மூடிக்கொள்ளும் என்றது ஃபோன். அது வளர்ந்துவிட்டது என்றாள். எங்கள் ஆள் வரும்போது காட்டுங்கள். எப்போது வருவார்? உங்கள் புகார் கை அளவு, முப்பது நாளுக்குள்.

எதிர்வீட்டு அக்காதான் மாடிப்படியில் நிறுத்தி விளங்கவைத்தாள். அவள் வீட்டில் ஐந்து பேர், இரண்டு கட்டில், எந்நேரமும் யாராவது கத்திக்கொண்டிருப்பார்கள். அவளும் கத்தித்தான் பேசுவாள்.

"உனக்குத் தெரியாதா? அவங்க லிஸ்டுல நாலே நாலுதான் இருக்கு. காசு, கை, தட்டு, கதவு. காசுன்னா மூணு மாசம். கைன்னா ஒரு மாசம். தட்டுன்னா ஒரு வாரம். கதவுன்னா அன்னைக்கே வருவான். இந்த பில்டிங்ல நாய்க்குட்டிக்குக்கூட தெரியும்."

"யாரும் என்கிட்ட சொல்லலையே."

"எங்க பாத்ரூம்ல ஒரு ஓடு விழுந்துச்சு. கதவுன்னேன். சாயங்காலமே வந்து நின்னான்."

"ஒரு ஓடு கதவு அளவா இருந்துச்சா?"

"இல்லடி. உள்ளங்கை அளவுதான்."

"அப்ப பொய்."

"பொய்யாம்ல! நீ உண்மை சொன்னியே, யாரு வந்தா? அவன் வந்தானா, அவன் மாமன் வந்தானா?"

டேப்பு உள்ளே வந்து கதவை அறைந்து சாத்தினாள். கூரையிலிருந்து தூள் விழுந்தது. அதற்கப்புறம் அந்த வீட்டில் கதவை மெதுவாகவே சாத்தினார்கள்.

அன்று மாலை ஆஸ்பத்திரியிலிருந்து கட்டுப் பார்க்க வந்த ஆட்களைக் கெஞ்சி, அவரைத் தலைகீழாகத் திருப்பிப் படுக்கவைத்தாள். தலை ஜன்னல் பக்கம் போயிற்று. நடுப்பக்கமாகப் பரவியிருந்த உப்பல் இப்போது இடுப்புக்கு மேலே.

"தலைக்குப் பதிலா இடுப்பு" என்றார் அவர். "பரவால்ல. அங்க ஸ்டீல் இருக்கு, தாங்கும்."

"வாயை மூடுங்க."

"விழுந்தா உனக்கு விடுதலை. எனக்கும் கூரைய வெறிக்கற வேலை மிச்சம்."

"உங்களுக்கு எல்லாமே சிரிப்பு."

"வேற என்ன பண்ணச் சொல்ற? எழுந்து ஓடவா?"

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் மூன்று நாளாக அவர் சரியாகத் தூங்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். கூரையை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். பேசும்போதும் பார்வை மேலேதான்.

பதினாறாம் நாள் காலை கடைக்கு அரை நாள் லீவு சொன்னாள். ஸ்டூலில் ஏறி, உடம்பைத் தொடாமல் அளவெடுக்கச் சொல்லும் வாடிக்கையாளர்களுக்குச் செய்வதுபோல, பூச்சைத் தொடாமல் டேப்பைக் காற்றில் பிடித்து, ஓரங்களை ஒவ்வொரு அங்குலத்துக்கும் குறித்துக்கொண்டாள். அறுபத்தெட்டுக்கு நாற்பத்தொன்பது. நடுவில் ஏழு சென்டிமீட்டர் தொங்கியது. கட்டிங் பேப்பரில் அதே வடிவத்தை வரைந்து வெட்டி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நிர்வாக அலுவலகத்துக்குப் போனாள்.

மூன்று நாற்காலிகள், மூன்றும் தரையோடு முடுக்கியவை. மேஜைக்குப் பின்னால் தடித்த கண்ணாடி போட்ட ஒருவர் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். டேப்பு பேப்பரைப் பிரித்து மேஜைமேல் விரித்தாள். விசைப்பலகை, டீ, பிஸ்கட், அவருடைய இரண்டு கைகள் எல்லாம் அதற்குக் கீழே போயின.

"என்னம்மா இது, பாவாடையா?"

"உங்க கூரை."

அவர் கைகளை உருவிக்கொண்டார். அவள் வீட்டு எண்ணைக் கேட்டுத் திரையைப் பார்த்தார்.

"கைன்னு இருக்கு."

"ஆறு நாள் முன்னாடி கை. இப்ப உங்க மேஜை."

"மேஜை லிஸ்டுல இல்லம்மா."

"அப்ப என்ன இருக்கு?"

"தட்டு இருக்கு. கதவு இருக்கு."

"இது தட்டா?"

"தட்டைவிடப் பெரிசுதான்."

"அப்ப கதவு போடுங்க."

"கதவைவிடச் சின்னதும்மா. நானே கண்ணால பாத்துட்டு எப்படி கதவுன்னு போடறது? தப்பில்லையா?"

"சரி, தட்டே போட்டுத் தொலைங்க."

"கைய தட்டா மாத்தணும்னா எங்க ஆள் நேர்ல வந்து பாக்கணும்."

"வரச் சொல்லுங்க."

"வருவார். கைக்கு முப்பது நாள்."

 அதற்கு அவள் பேசியது தெருவரைக்கும் கேட்டது. என் வீட்டுக்காரரால் புரண்டு படுக்க முடியாது, அவர் இடுப்பில் எட்டுத் திருகாணி இருக்கிறது, அதன் மேலே உங்கள் கூரை தொங்குகிறது, ஈரத்தோடு விழுந்தால் என்ன எடை தெரியுமா, உங்களுக்கு டீயில் பிஸ்கட் விழுந்தால்தான் பதறும் என்றாள். வரிசையில் நின்ற இரண்டு பேர் வெளியே போய் நின்றுகொண்டார்கள்.

கண்ணாடிக்காரர் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமூட்டியது. பேப்பரின் ஒரு மூலையைத் தூக்கி மவுஸைத் தேடி எடுத்து, ஏதோ அழுத்தினார்.

"நீங்கதான சொன்னீங்க? கேளுங்க."

ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து அவளுடைய குரல் வந்தது. என் கையைவிடப் பெரிதில்லை. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, சுத்தமாக, ஒரு சின்னச் சிரிப்போடு. பரிசு வாங்கின பிள்ளையின் குரல். இதுவரை அவள் யார்மேலும் அவ்வளவு கோபப்பட்டதில்லை. அந்தக் குரலின் கழுத்தைப் பிடித்துத் திருக வேண்டும்போல இருந்தது.

"நல்லா பேசறீங்கம்மா" என்றார் அவர், நிஜமாகவே. "நிறைய பேருக்கு இவ்வளவு தெளிவா சொல்ல வராது."

அவள் பேப்பரைக் கசக்கி எடுத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்று ஃபோன் செய்தாள். புதிய புகார். எந்த இடம்? கூடத்துக் கூரை. எவ்வளவு பெரியது? அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். கூடத்துக் கூரை வெள்ளையாக, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது.

கதவு அளவு என்றாள். ஆங்கிலம் தடுக்கவில்லை.  பத்தொன்பது வருடத்தில் ஓர் அளவைக்கூட அவள் கூட்டிச் சொன்னதில்லை. நிறுத்தாமல், அதைவிடக் கொஞ்சம் பெரிதாகவே இருக்கும் என்றும் சேர்த்துக்கொண்டாள். கொஞ்சம் என்ற சொல்லைச் சொன்னபோது சுவரில் ஓங்கிக் குத்தலாம்போல இருந்தது.

இரண்டு மணி நேரத்தில் மேற்பார்வையாளர் வந்தார். பின்னால் இரண்டு ஆட்கள், கூரையைத் தாங்க ஒரு பலகையோடும் இரும்பு முட்டுகளோடும். மேற்பார்வையாளர் கூடத்தின் நடுவில் நின்று மேலே பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"எங்கம்மா கதவு?"

"உள்ள வாங்க."

படுக்கையறை வாசலில் நின்றபடியே, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கருவியை எடுத்து நீட்டினார். உப்பலின் ஓரத்தில் சிவப்புப் புள்ளி ஒன்று விழுந்து நகர்ந்தது.

"எழுபத்தொண்ணுக்கு அம்பது. இது கதவும் இல்ல, கூடமும் இல்ல. பொய்ப் புகார்னு எழுதணும். இப்படி மூணு சேர்ந்தா ஒரு வருஷத்துக்கு உங்க வீட்டுப் புகாரே எடுக்க மாட்டாங்க, தெரியுமில்ல?"

"எழுதுங்க. இதுக்கு என்ன பண்ணப் போறீங்க?"

"இதைத் தட்டுன்னு மாத்தறேன். ஏழு நாளைக்குள்ள ஆள் வரும்."

"ஆள்தான் வந்திருக்கே. ரெண்டு பேர் நிக்கறாங்க, கையில முட்டோட."

"அது கதவுக்கு வந்த ஆள்மா."

முட்டு வைத்திருந்தவர்களில் ஒருவர் தரையைப் பார்த்துக்கொண்டார்.

மேற்பார்வையாளர் படிவத்தை எடுத்து வாசல் நிலையில் வைத்து எழுத ஆரம்பித்தார். டேப்பு அவருடைய காலைப் பார்த்தாள். பூட்ஸ் இரண்டும் நிலைப்படிக்கு இந்தப் பக்கம். வந்ததிலிருந்து ஓர் அங்குலம்கூட அவர் உள்ளே வைக்கவில்லை. கையை மட்டும் நீட்டித்தான் அளந்தார்.

"உள்ள வந்து எழுதுங்க" என்றாள்.

"இங்கேயே வெளிச்சம் இருக்கு."

"உள்ளதான் ஜன்னல் இருக்கு. வாங்க. கட்டில்ல உக்காருங்க, அவர் காலுக்குப் பக்கத்துல."

"இருக்கட்டும்மா."

"ஏழு நாள் உக்கார வேணாம். அந்த ஃபார்ம எழுதி முடிக்கிற வரைக்கும் போதும்."

"வாங்க சார்" என்றார் கட்டிலில் இருந்தவர். "நிறைய இடம் இருக்கு. என்னால ஒதுங்கத்தான் முடியாது, அதுக்கு மன்னிச்சுக்கணும்."

மேற்பார்வையாளர் பேனாவை நிறுத்தினார். மேலே பார்த்தார்.  டேப்பு நகரவில்லை. உள்ளே கையைக் காட்டியபடியே நின்றாள். மேல்வீட்டில் யாரோ குழாயைத் திறந்தார்கள். உப்பலின் நடுவிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் கிளம்பி, போர்வையின் மேல், இடுப்பு இருக்கும் இடத்தில் விழுந்தது.

"முதல்ல இவரை வெளிய எடுக்கணும்" என்றார் மேற்பார்வையாளர், தன் ஆட்களிடம். குரல் மாறியிருந்தது.

"நாலு பேர் வேணும்" என்றாள் டேப்பு. "நாங்க மூணு பேர்தான் இருக்கோம்."

அவர் படிவத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தார். விரிப்பின் நான்கு மூலையை நான்கு பேர் பிடித்தார்கள். அவருக்குக் கிடைத்தது உப்பலுக்கு நேர் கீழே இருந்த மூலை. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவளே எண்ணினாள். வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார், கத்தவில்லை. கூடத்தைத் தாண்டி, எதிர்வீட்டு அக்காவைக் கதவைத் திறக்கச் சொல்லி, அவள் வீட்டுக் கட்டிலில் இறக்கினார்கள். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. கட்டிலில் படுத்திருந்த தன் மகனைக் காதைப் பிடித்து எழுப்பி விரட்டியிருந்தாள்.

"ஒரு மணி நேரம்" என்றாள் டேப்பு.

"எவ்வளவு நேரம் வேணா இருக்கட்டும். இன்னைக்கு இவங்க யாரும் தூங்கலைன்னா குடி முழுகிடாது" என்று அக்கா கத்தினாள்.

இவர்கள் திரும்பி வந்து, ஆட்கள் பலகையை மேலே கொடுத்து முட்டுகளில் முதலாவதை முறுக்கும்போதே பூச்சு மொத்தமாக இறங்கியது. சத்தம் பெரிதாக இல்லை. ஈர மூட்டையைத் தரையில் போட்டதுபோல ஒரு சத்தம். கட்டிலின் நடுச்சட்டம் வளைந்து கீழே தொட்டது. ஆட்கள் இருவரும் அடிபடாமல் சுவரோரம் துள்ளி விலகியிருந்தார்கள்.

மேற்பார்வையாளர் கூடத்துக்கு வந்து, படிவத்தை எடுத்துத் தூசு தட்டி, எழுதி முடித்து அவளிடம் நீட்டினார். பொய்ப் புகார் என்ற இடத்தில் அடையாளம் போட்டிருந்தது.

"இதை நான் எழுதித்தான் ஆகணும்மா. கூடம்னு சொன்னது பதிவாயிருக்கு."

"கூடம்னு சொன்னது பொய்தான். எழுதுங்க."

"கீழ கையெழுத்துப் போடுங்க."

கையெழுத்துக்கு மேலே, குடியிருப்பவர் சொல்ல விரும்புவது என்று நான்கு வரி இடம் இருந்தது. டேப்பு அவருடைய பேனாவை வாங்கிக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதினாள். தட்டைவிடப் பெரியது. கதவைவிடச் சின்னது. என் கணவர் கழுத்திலிருந்து தொடை வரைக்கும் எவ்வளவோ, அவ்வளவு.

"இங்க அளவு எழுதக் கூடாதும்மா. எடுத்துக்க மாட்டாங்க."

"தெரியும்" என்றாள். நான்காவது வரி மிச்சம் இருந்தது. எழுபத்தொன்றுக்கு ஐம்பது என்று அதில் எழுதி, கையெழுத்துப் போட்டு, காகிதத்தை அவர் கையில் கொடுக்காமல் தரையில் கிடந்த முட்டின் மேல் வைத்துவிட்டு, எதிர்வீட்டுக்குப் போனாள்.